முடிந்தது என்று எழுதியவன்

1

இந்த வாரத்தோடு நான் ஜெர்மனிக்கு வந்து பதினைந்து வருஷம் ஆகிறது. அதை முன்னிட்டு இல்லையென்றாலும், சரியாக அதே வாரத்தில் நகராட்சி அலுவலகத்திலிருந்து என் அப்பாவுக்கு ஒரு கடிதம் வந்திருக்கிறது. அப்பா கீழ்பென்னாத்தூரில் காலமாகி ஒன்பது வருஷம் ஆகிறது.

என் பெயர் சேகர். அப்பா முனுசாமி. தொண்ணூற்றொன்றில் இங்கே வந்து இறங்கிய வாரம், பதிவு அலுவலகத்தில் ஒரு அம்மாள் குடும்பப் பெயர் என்ற கட்டத்தைக் காட்டி என்ன எழுத என்று கேட்டார். எங்களுக்குக் குடும்பம் உண்டு, குடும்பப் பெயர் கிடையாது என்றேன். அவர் பாஸ்போர்ட்டைப் பார்த்து அப்பாவை எடுத்துக் கட்டத்தில் போட்டுவிட்டார். அன்றிலிருந்து இந்த நாட்டில் வேலை பார்ப்பதும் வரி கட்டுவதும் பல் மருத்துவரிடம் போவதும் அப்பாதான். உயிரோடு இருந்தவரை அவர் விழுப்புரத்தைத் தாண்டியதில்லை.

கடிதத்தில் இருந்தது நல்ல செய்தி. குடியுரிமைக்கு மனுப் போட்டு மூன்று வருஷமாகிறது. அடுத்த மாதம் இன்ன தேதி, காலை ஒன்பதரை மணிக்கு, இந்தியப் பாஸ்போர்ட்டோடு திரு. முனுசாமி நேரில் வந்து சான்றிதழைப் பெற்றுக்கொள்ள வேண்டும். வர இயலாவிட்டால் காரணத்தை எழுத்தில் தெரிவிக்க வேண்டும். காரணத்துக்கு அடியில் இரண்டு கோடு விட்டிருந்தார்கள்.

அந்த இரண்டு கோட்டில் என்ன எழுதினேன் என்பதைச் சொல்லத்தான் உட்கார்ந்தேன். ஆனால் அதற்கு முன்னால் ஒரு மென்பொருள், ஒரு வேன், வராத ஒரு பவுர்ணமி ஆகிய மூன்றையும் சொல்லியாக வேண்டும்.

2

வாரத்தில் ஐந்து நாள் தண்ணீர் பம்பு செய்கிற கம்பெனியில் வரைபடம் போடுகிறேன். ஞாயிற்றுக்கிழமை காலை பத்திலிருந்து பன்னிரண்டு வரை மட்டும் எனக்கு வேறு வேலை. கம்ப்யூட்டரில் ஓடுகிற ஒரு நாள்காட்டியை உலகத்துக்கு இலவசமாகச் செய்து கொடுக்கிற கூட்டத்தில் நானும் ஒருவன். பெயரைச் சொல்லப்போவதில்லை. சொன்னால் இதைப் படிக்கிறவர்களிடமிருந்தும் நான்கு யோசனைகள் வரும்.

அதற்கு முதலாளி இல்லை, சம்பளம் இல்லை. நிரலை, அதாவது கம்ப்யூட்டருக்கு எழுதுகிற கட்டளைகளை, யார் வேண்டுமானாலும் திறந்து பார்க்கலாம், திருத்தலாம். ஆரம்பித்தவர் யோஹான், சுவீடன்காரர், பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியார். அவரைச் சேர்த்து ஐந்து பேர். ஒருவர் எந்த நாடு என்று இன்றுவரை எங்களுக்குத் தெரியாது. எனக்கு இரண்டு பொறுப்பு. மென்பொருளைத் தமிழில் பெயர்ப்பது ஒன்று. உபயோகிக்கிறவர்கள் எழுதும் யோசனைகளைப் படித்துப் பதில் போடுவது இன்னொன்று. இரண்டாவதை வேறு யாரும் கேட்கவில்லை, அதனால் எனக்குக் கிடைத்தது.

யோசனைகள் எப்படி வரும் என்றால், ஒருவர் எழுத்தைப் பெரிதாக்கச் சொல்வார். அடுத்தவர் எழுத்து ஏன் இவ்வளவு பெரிதாக இருக்கிறது என்பார். ஒருவருக்கு வாரம் ஞாயிற்றுக்கிழமை தொடங்க வேண்டும், ஒருவருக்குத் திங்கட்கிழமை. வியாழக்கிழமையில் தொடங்க வேண்டும் என்று ஒருவர் கேட்டார், காரணம் சொல்லவில்லை. எல்லாரும் கடைசியில் ஒரே வரியை எழுதுவார்கள்: சின்ன மாற்றம்தான், ஐந்து நிமிஷ வேலை.

ஆரம்பத்தில் ஒவ்வொருவருக்கும் ஒரு பக்கம் பதில் எழுதினேன். ஆறு மாதத்தில் அது மூன்று வரியாகச் சுருங்கியது. தங்கள் யோசனைக்கு நன்றி. இது எங்கள் நோக்கத்துக்குள் வரவில்லை. முடிந்தால் நீங்களே செய்து அனுப்பலாம். அந்த மூன்றாவது வரி எங்கள் உலகத்தில் ரொம்பப் பிரசித்தம். கேட்பதற்கு அழைப்பு மாதிரி இருக்கும். அதைப் படித்த பிறகு யாரும் திரும்பி வருவதில்லை, அதற்காகத்தான் அதை எழுதுகிறோம்.

பதில் எழுதியதும் அந்த யோசனைக்கு ஒரு நிலை குறிக்க வேண்டும். புதியது, பரிசீலனையில் இருக்கிறது, இனிமேல் இதைப் பேசுவதில்லை என்று மூன்று நிலை. இந்த மூன்றாவதற்கு ஆங்கிலத்தில் மூடியாகிவிட்டது என்ற பொருளில் ஒரு சொல். தமிழில் 'மூடப்பட்டது' என்று போட்டுப் பார்த்தேன், கடையடைப்பு மாதிரி இருந்தது. 'முடிந்தது' என்று போட்டேன். அதைப் பற்றி அன்றைக்கு நான் யோசித்தது ஐந்து விநாடி இருக்கும்.

3

போன வருஷம் டிஎன்25 என்ற பெயரில் ஒருவர் எழுதினார். எங்கள் ஆட்கள் அதை ஏதோ தானியங்கி என்று நினைத்து நீக்கப் பார்த்தார்கள். உள்ளே தமிழ் இருந்ததால் என்னிடம் தள்ளினார்கள். அது எங்கள் மாவட்டத்து வண்டி நம்பர் என்பது எனக்கே தெரியாது. நான் கிளம்பிய பிறகு வந்த நம்பர்.

"ஐயா, வணக்கம். நான் டைப்ரைட்டிங்கில் ஹையர் பாஸ் செய்தவன். நானே டைப் செய்கிறேன், பிழை இருந்தால் மன்னிக்கவும். தங்கள் காலண்டரில் பவுர்ணமி தேதி பல மாதங்களில் ஒரு நாள் தள்ளிக் காட்டுகிறது. எங்களுக்கு இது பெரிய கஷ்டம். தேதியோடு ஆரம்பிக்கும் நேரமும் முடியும் நேரமும் போட்டால் உதவியாக இருக்கும்."

விஷயம் இதுதான். எங்கள் நிரலில் நிலா ஒரு நொடியில் முழுசாகிறது, அந்த நொடி எந்தத் தேதியில் விழுகிறதோ அந்தக் கட்டத்தில் ஒரு வட்டம் வரும். நம் ஊரில் பவுர்ணமி என்பது ஒரு திதி. இன்றைக்கு ஏதோ நேரத்தில் பிடிக்கும், நாளைக்கு ஏதோ நேரத்தில் விடும். அது இருக்கிற இரவில்தான் திருவண்ணாமலையில் மலையைச் சுற்றுவார்கள். வானியலார் குறிக்கிற அந்த நொடி, திதி விடுகிற நொடி. அது காலையில் விழுந்தால் காலண்டர் அந்தத் தேதியைக் காட்டும், நடக்க வேண்டிய இரவோ முந்தின நாளே போயிருக்கும்.

இது எனக்குத் தெரியாமல் இல்லை. திருவண்ணாமலையில் பள்ளிக்கூடம் படித்தவன், பவுர்ணமியன்று பஸ் கிடைக்காமல் செங்கம் ரோட்டில் எத்தனையோ சாயங்காலம் நின்றிருக்கிறேன். ஆனால் அன்றைக்கு மணி பதினொன்றே முக்கால். வரிசையில் இன்னும் ஏழு பேர் இருந்தார்கள். நன்றி, நோக்கத்துக்குள் வரவில்லை, முடிந்தால் நீங்களே செய்து அனுப்பலாம்.

மூன்று வாரம் கழித்து அவர் செய்து அனுப்பிவிட்டார். எங்கள் கூட்டத்தின் சரித்திரத்தில் அந்த வரியை நம்பிய முதல் ஆள். வருஷம் முழுவதற்கும் பவுர்ணமி பிடிக்கிற நேரம், விடுகிற நேரம், நடக்க வேண்டிய தேதி என்று மூன்று பத்தி. பஞ்சாங்கத்தைப் பார்த்து, ஒரு எழுத்துப் பிசகாமல், கோடு போட்ட மாதிரி டைப் செய்திருந்தார். "தாங்கள் சொன்னபடி நானே செய்து அனுப்பியுள்ளேன். இதை உள்ளே சேர்த்துவிட்டால் போதும்."

அதைச் சேர்க்க வழியில்லை. எங்களுக்கு வேண்டியது நிரல், பட்டியல் அல்ல. அந்த ஞாயிறு என் பெண்ணுக்கு நீச்சல் போட்டி இருந்தது. பதிலாக எதையும் எழுதவில்லை, நிலையை மட்டும் மாற்றிவிட்டு எழுந்தேன். அவருக்குத் தானாக ஒரு மின்னஞ்சல் போயிருக்கும். அதில் ஒரே வரி: தங்கள் யோசனையின் நிலை, முடிந்தது.

4

ஞாயிறு மதியம் அம்மாவுக்குப் போன் செய்வது வழக்கம். அம்மா கீழ்பென்னாத்தூரில் தனியாக இருக்கிறாள். பவுர்ணமிதோறும் ஊரிலிருந்து ஒரு வேனில் இருபது பேர் திருவண்ணாமலை போய் மலை சுற்றுவார்கள், அதில் அம்மாவும் போவாள். இரண்டு மாதத்துக்கு முன்னால் ஒரு ஞாயிறு, பேச்சு வேண்டுமே என்று, "என்னம்மா, பவுர்ணமிக்குப் போனியா" என்றேன்.

"நான் போனேன். பவுர்ணமிதான் வரல" என்றாள்.

புரியவில்லை என்றேன்.

"வேன்காரன் நோட்டீஸ்ல செவ்வாக்கெழமைன்னு போட்டிருந்தான். திங்கக்கெழமையே பஸ்ஸு பஸ்ஸா ஜனம் போச்சு. இப்பல்லாம் ஜனத்துக்கு எல்லாத்துலயும் அவசரம்னு நான் நெனச்சிக்கினேன். காலண்டர் தாள்லயும் செவ்வாக்கெழமைக்குப் பவுர்ணமின்னுதான் இருந்துச்சு. காலைல ஒம்பது மணி வரைக்கும்னு கீழ பொடி எழுத்துல போட்டிருக்கான். அது என் கண்ணுக்குத் தெரியுமா?"

"செவ்வாக்கெழமை நெலா இருந்திருக்குமேம்மா."

"நெலா இருந்துச்சுப்பா. திதிதான் இல்ல."

ரோடு காலியாக இருந்ததாம். கூட்டம் கம்மி என்று இருபது பேரும் சந்தோஷமாகக் காற்றாட நடந்திருக்கிறார்கள். அடி அண்ணாமலைக்கிட்டே டீ குடிக்கலாம் என்று போனால் கடைக்காரர் ஸ்டவ்வைக் கழுவிக்கொண்டிருந்தார். நேத்தே முடிஞ்சிபோச்சே, இன்னிக்கு எங்க நடக்கறீங்க என்று கேட்டாராம்.

"அப்புறம்?"

"அப்புறம் இன்னா. பாதி சுத்தியாச்சு. திரும்பி வந்தாலும் அவ்ளோ தூரந்தான். சரின்னு சுத்திட்டு வந்துட்டோம்."

நான் சிரித்தேன். அம்மா சிரிக்கவில்லை.

"உனக்கு சிரிப்பா கீது. அது எனக்குப் பதினோராவது. வரிசையா பன்னெண்டு சுத்தறேன்னு வேண்டிக்கினு இருந்தேன். நடுவுல உட்டா மறுபடி மொதல்லேருந்துதான். முட்டிக்குப் பார்க்கிற டாக்டரு, ஆயா இந்த வருஷத்தோட நடக்கறத உட்ருன்னு சொல்லிட்டாரு. இனிமே நான் எப்படி பன்னெண்டு சுத்தறது?"

யாருக்காக வேண்டுதல் என்றேன். உனக்காகத்தான் என்றாள். குடியுரிமைப் பேப்பருக்கு என்று எடுத்துக்கொண்டேன்.

"அந்த வேன்காரர் என்ன சொல்றாரு?"

"குப்புசாமிய எல்லாரும் புடிச்சிக்கினாங்க. அவன் ஒரு கம்ப்யூட்டர் தாள எடுத்தாந்து காட்டறான். நான் சரி பண்ணச் சொல்லி எழுதினேன், பட்டியல்கூட அனுப்பினேன், முடிந்ததுன்னு பதில் போட்டிருக்காங்க பாருங்கன்றான். அத நம்பி, இந்த மாசம்தான் மொத தடவயா பஞ்சாங்கத்தப் பார்க்காம நோட்டீஸ் அடிச்சிட்டிருக்கான். எவனோ வெளிநாட்டுல குந்திக்கினு, வேலையே செய்யாம முடிந்ததுன்னு எழுதியிருக்கான். அவனெல்லாம் நல்லா இருப்பானா? நீயே சொல்லு."

"தெரியலம்மா" என்றேன்.

"சரி, போன் காசு ஏறுது. ஒடம்பப் பார்த்துக்க. முடிஞ்சா ஒரு தடவ வாப்பா" என்று வைத்துவிட்டாள். பதினைந்து வருஷமாக ஒவ்வொரு போனையும் இந்த வரியோடுதான் வைக்கிறாள்.

5

குப்புசாமியின் நம்பரைத் தேடிப் பிடிக்க இரண்டு நாள் ஆனது. பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே டிராவல்ஸ் வைத்திருக்கிறார், ஒரு வேன், ஒரு கம்ப்யூட்டர். நான்தான் அந்த முடிந்தது என்று ஒரே மூச்சில் சொன்னேன். திட்டுவார் என்று தயாராக இருந்தேன்.

"ஐயா நீங்களா? வணக்கம் வணக்கம். ஜெர்மனியிலேருந்தா பேசறீங்க? நீங்க நம்ம பக்கமா?"

"கீழ்பென்னாத்தூர்தாங்க. முனுசாமி பையன்."

"அப்ப உங்க அம்மாவயே நீங்க..."

"ஆமாங்க."

"அவங்களுக்குத் தெரியுமா?"

"இல்லங்க."

"சொல்லாதீங்க. அவங்க அன்னிக்கு உங்களப் பேசின பேச்சு எனக்குத்தான் தெரியும்" என்றார். பிறகு தணிந்த குரலில், "எனக்கு வேற ஒண்ணும் இல்லைங்க. இருவது வருஷமா வண்டி ஓட்றேன், டைம் மாறினதில்ல. இப்ப எல்லாரும் என்னப் பார்த்தா, குப்புசாமி, இன்னிக்கு இன்னா கெழமைன்னு கேக்கறாங்க. அதான் கொஞ்சம் சங்கடமா இருக்கு."

அவர் திட்டியிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். அன்றைக்குச் சாயங்காலமே 'முடிந்தது' என்ற சொல்லை நீக்கினேன். இந்தத் தடவை யோசித்தேன். கதவைச் சாத்து என்றுதானே வீட்டில் சொல்கிறோம், அதில் வேறு அர்த்தத்துக்கு இடமில்லை. 'சாத்தப்பட்டது' என்று போட்டேன்.

மறுநாள் டிஎன்25-இடமிருந்து கடிதம். "ஐயா, வணக்கம். நடை சாத்தியிருப்பதாகத் தெரிகிறது. மறுபடி எத்தனை மணிக்குத் திறப்பீர்கள் என்று தெரிவித்தால் அந்த நேரத்துக்கு வருகிறேன்."

கோயில் ஊரில் நடை சாத்தினால் சாயங்காலம் திறந்தாக வேண்டும். மதியம் பன்னிரண்டரைக்குச் சாத்துவார்கள், மூன்றரைக்குத் திறப்பார்கள், அதுவரை ஜனம் மண்டபத்தில் உட்கார்ந்திருக்கும். குப்புசாமி அந்த வாரம் முழுக்கத் தினமும் நாலு மணிக்கு எங்கள் இணையப் பக்கத்துக்கு வந்து பார்த்துவிட்டுப் போயிருக்கிறார், பதிவேட்டில் இருக்கிறது. இதைச் சொல்லி என்ன, எனக்கே அந்தச் சொல்லைப் போடும்போது கோயில் நினைவுக்கு வரவில்லை. பதினைந்து வருஷத்தில் என்ன மறந்திருக்கிறேன் என்பது இப்படித்தான் தெரிய வருகிறது.

நடையைத் திறப்பது என்று முடிவு செய்தேன்.

6

அது நினைத்த மாதிரி இல்லை. ஒருமுறை சாத்திய யோசனையை மறுபடி திறக்கக் கூடாது, வேண்டுமென்றால் புதிதாக எழுதிக் காரணம் காட்ட வேண்டும் என்று ஒரு விதி இருக்கிறது. அதை எழுதியவன் நான். ஆகவே மற்றவர்களைப் போல நானும் வெளியே நின்று ஒரு யோசனை எழுதினேன். கடைசியில் 'சின்ன மாற்றம்தான்' என்று கை தானாக எழுதிவிட்டது.

யோஹான் பதில் போட்டார். தங்கள் யோசனைக்கு நன்றி, இது எங்கள் நோக்கத்துக்குள் வரவில்லை, முடிந்தால் நீங்களே செய்து அனுப்பலாம். என் மூன்று வரியின் ஆங்கில மூலம் அது. அவர் கேலி செய்யவில்லை, பெயரைப் பார்க்காமல் அனுப்பியிருக்கிறார். அந்த வரியைப் பெற்றுக்கொள்ளும்போது எப்படி இருக்கும் என்பது எனக்கு அப்போதுதான் தெரிந்தது. எனக்கு நல்ல கோபம் வந்தது.

போன் செய்தேன். முழு நிலவு ஒரு நொடி, அது எப்படி ஆரம்பிக்கும் என்றார். எங்கள் ஊரில் அது ஒரு நாள் முழுக்க நடக்கும் என்றேன். எத்தனை பேர் இதனால் பாதிக்கப்படுகிறார்கள் என்றார். ஒரு வேன் என்று சொல்லிவிட்டேன், பதற்றத்தில் அதுதான் வாயில் வந்தது. சரி, இவர் கணக்கு வாத்தியார், இவரிடம் கணக்குப் பேசி ஜெயிக்க முடியாது என்று நினைத்து, ஒரு பெண்மணி பதினான்கு கிலோமீட்டர் தவறான நாளில் நடந்தார், அவர் என் அம்மா என்றேன்.

அதற்கு அவர் தன் ஊரைப் பற்றிச் சொன்னார். அவர்கள் ஊரிலும் கோடைக்காலத் திருநாளை அந்த நாளில் கொண்டாடுவதில்லையாம், முந்தின சாயங்காலம்தான் கொண்டாடுவார்களாம். காலண்டரைப் பார்த்து வருகிற வெளியூர்க்காரர்கள் மறுநாள் வந்து காலி மேஜையைப் பார்ப்பார்களாம். "செய்து அனுப்பு, சேர்த்துக்கொள்கிறேன்" என்றார்.

ஐந்து நிமிஷ வேலை நான்கு ஞாயிறு எடுத்தது. குப்புசாமியின் பட்டியலை வைத்துத்தான் என் கணக்கைச் சரிபார்த்தேன். ஒரு மாதத்தில் எனக்கும் அவருக்கும் ஒரு நாள் வித்தியாசம் வந்தது. தப்பு என்னுடையது. உதவியவர்கள் பெயர் வரும் இடத்தில் அவர் பெயரைச் சேர்த்தேன். அதை அச்சடித்துச் சட்டம் போட்டு ஆபீசில் மாட்டியிருக்கிறாராம். இப்போது கிழமை கேட்கிறவர்களுக்கு அதைக் காட்டுகிறாராம்.

7

வேலை முடிந்த ஞாயிறு அம்மாவிடம் பேசினேன். மொதல்லேருந்து ஆரம்பித்து ஒன்று சுற்றியாகிவிட்டது, திரும்பி வந்து மூன்று நாள் படுத்தே இருந்தேன் என்றாள். எனக்குத் தாங்கவில்லை.

"பேப்பர் தானா வரும்மா. அதுக்காக நீ காலக் கெடுத்துக்காத."

"எந்தப் பேப்பரு?"

"குடியுரிமைப் பேப்பர். அதுக்குத்தானே வேண்டிக்கிட்ட?"

"அதுக்கு நான் ஏன் வேண்டறேன்? அது வந்தா நீ அங்கியே இருந்துடுவ" என்றாள். "நீ என்கூட ஒரு பவுர்ணமிக்கு சுத்தணும். அவ்ளோதான் கேட்டேன். உங்க அப்பா இருந்தவரைக்கும் அவரு கூட வந்தாரு. அப்புறம் தனியாத்தான் நடக்கறேன். கால் இருக்கும்போதே ஒரே ஒரு தடவ."

"அத என்கிட்டயே கேட்டிருக்கலாமேம்மா."

"உன்கிட்ட கேக்காமயா? எத்தினி தடவ கேட்டிருப்பேன். பார்க்கலாம்மா, முடிஞ்சா வரேம்மான்ன. அதான் அங்க போயி கேட்டேன்."

அவள் கோபமாகச் சொல்லவில்லை. ரேஷன் கடையில் அரிசி இல்லை, அடுத்த கடையில் கேட்டேன் என்கிற மாதிரி சொன்னாள். நான் எழுதிய கடிதங்களையும் போன் பேச்சுகளையும் யோசித்துப் பார்த்தேன். ஒவ்வொரு தடவையும் மரியாதையாகத்தான் பதில் சொல்லியிருக்கிறேன். ஒரு தடவைகூட மாட்டேன் என்று சொன்னதில்லை. எனக்கு வெட்கமாக இருந்தது.

அடுத்த பவுர்ணமிக்கு வரேன் என்றேன். முடிஞ்சா வாப்பா என்றாள், பழக்கத்தில். மறுநாள் மூன்று வாரத்துக்கு டிக்கெட் போட்டேன்.

அதற்கு அடுத்த நாள் அப்பாவுக்கு நகராட்சிக் கடிதம் வந்தது. சான்றிதழ் வாங்கும் தேதி, நான் கீழ்பென்னாத்தூரில் இருக்க வேண்டிய அந்த மூன்று வாரத்துக்குள் விழுந்திருந்தது.

8

அலுவலகத்துக்குப் போன் செய்தேன். மாற்றலாம், ஆனால் வரிசை நீளம், அடுத்த தேதி வருஷக் கடைசியிலோ அடுத்த வருஷமோ வரலாம் என்றார்கள். மூன்று வருஷம் காத்திருந்த பேப்பர். என் மனைவி கடிதத்தை எடுத்து, தேதி தெரிகிற மாதிரி பிரிட்ஜ் கதவில் ஒட்டினாள். டிக்கெட்டை ஒரு மாதம் தள்ளினால் இரண்டும் நடக்கும், பவுர்ணமி மாதாமாதம் வருவதுதானே என்று எனக்குத் தோன்றியது. தோன்றியதும் போனை எடுத்தேன்.

பக்கத்தில் என் பெண் கயல் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தாள். பன்னிரண்டு வயது. தமிழ் புரியும், பேசச் சொன்னால் ஜெர்மனில் பதில் வரும். யாருக்குப் போன் என்று கேட்டாள். ஆயாவுக்கு, இந்தத் தடவை வேண்டாம், முடிஞ்சா அடுத்த பவுர்ணமிக்கு வரேன்னு சொல்லப்போறேன் என்றேன்.

"முடிஞ்சான்னா என்ன அர்த்தம்?"

"முடிந்தால். இயன்றால்."

அவள் பென்சிலை வைத்துவிட்டு யோசித்தாள். பிறகு எனக்குப் பாடம் சொல்கிற மாதிரி, தனக்குத் தெரிந்த தமிழில் சொன்னாள்.

"இல்லப்பா. நீங்க சொன்னா, 'இல்லை'. நான் சைக்கிள் கேட்டப்போ நீங்க முடிஞ்சான்னு சொன்னீங்க. ஆயா சொன்னா, 'ப்ளீஸ்'."

சொல்லிவிட்டு மறுபடி கணக்கைப் போட ஆரம்பித்தாள். நான் போனை வைத்துவிட்டு, நகராட்சிக் கடிதத்தை எடுத்து, அந்த இரண்டு கோட்டில் எழுதினேன். பவுர்ணமி. என் தாயாரோடு மலையைச் சுற்றி நடக்க வேண்டியிருக்கிறது.

நேற்று அந்த அலுவலகத்து அம்மாள் கூப்பிட்டார். முழு நிலவு ஒரு இரவுதானே, நீங்கள் மூன்று வாரம் கேட்கிறீர்களே என்றார். அது ஒரு நாள் பிடித்து மறுநாள் விடும் என்று ஆரம்பித்தேன். அவர் போதும் என்று சொல்லிவிட்டு எதையோ எழுதிக்கொண்டார். புதிய தேதி தபாலில் வருமாம், திரு. முனுசாமி காத்திருக்க வேண்டும்.

பிறகு அம்மாவைக் கூப்பிட்டேன். டிக்கெட் உறுதி, கயலும் வருகிறாள் என்று சொல்லித் தேதியைச் சொன்னேன்.

"தேதி யாரு சொன்னது? கம்ப்யூட்டரா?"

"குப்புசாமி அண்ணன்கிட்டயும் கேட்டுட்டேம்மா."

"அப்ப சரி." ஏதோ தாளைப் புரட்டுகிற சத்தம் கேட்டது. "அவன் எல்லாத்தயும் சொல்லிட்டான். சொல்லாதன்னு நீ சொன்னதயும் சேர்த்து சொல்லிட்டான்."

சொல்லாதே என்றது அவர்தான். அதை நான் திருத்தவில்லை.

"அன்னிக்கு நான் பேசினத மனசுல வெச்சிக்காத. கோயில்ல போயி சொல்லிட்டு வந்துட்டேன், அது என் புள்ளதான், தெரியாம திட்டிட்டேன், அத எடுத்துக்காதன்னு."

"மீதி சுத்து என்னம்மா பண்ணப்போற?"

"அத அப்புறம் பார்த்துக்கலாம்" என்றாள். சொன்ன விதத்தில் அவள் சிரிக்கிற முகம் தெரிந்தது.

போனை வைக்கப்போகிற நேரம். அந்த வரிக்காகக் காத்திருந்தேன்.

"ரெண்டு நாள் முன்னாடியே வந்துடு" என்றாள். "நீ செருப்பு போட்டே பழகிட்ட. கால் பழகணும்."